ஒற்றைக் கையா, இரட்டைக் கையா? ஐரோப்பிய சூப்பர் பைக்குகளின் அழகுச் சண்டையும் அசுர வேகமும்!

2024 ஜூலை. இத்தாலியின் மிசானோ ரேஸ் டிராக்கில் டுகாட்டி ரசிகர்களின் திருவிழா. புத்தம் புது பனிகாலே வி4 பைக்கை அங்கே வெளியில் காட்டினார்கள். 216 ஹெச்பி பவர், புது எலெக்ட்ரானிக்ஸ், புது பிரேக் என்று பேச எவ்வளவோ விஷயம் இருந்தது. ஆனால், ரசிகர்களின் கண் போனது ஒரே இடத்துக்குத்தான். பின் சக்கரம்!

அதுவரை வந்த பனிகாலே வி4-ல் பின் சக்கரத்தை ஒரு பக்கம் மட்டுமே ஓர் அலுமினியக் கை பிடித்திருக்கும். மறுபக்கம் வீல் அப்படியே திறந்து, காற்றில் மிதப்பது மாதிரி நிற்கும். சிங்கிள் சைடட் ஸ்விங்ஆர்ம் என்பார்கள். புது மாடலில் அது காலி. உங்கள் தெருவில் நிற்கும் பல்ஸர், அப்பாச்சி மாதிரியே இரண்டு பக்கமும் கை. 'இது டுகாட்டியே இல்லை' என்று இணையத்தில் ஒரே புலம்பல். 'எதுக்கு பாஸ் இவ்ளோ கலாட்டா, ஒரு இரும்புத் துண்டுதானே?' என்று உங்களுக்குத் தோணலாம். இரும்புத் துண்டுதான் (சரி, அலுமினியம்). ஆனால், ஐரோப்பிய ஸ்போர்ட்ஸ் பைக் என்றால் என்ன என்பதைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வாசல் கிடையாது.

எல்லாத்துக்கும் காரணம் 916

கதை 1994-ல் ஆரம்பிக்கிறது. அந்த வருஷம்தான் டுகாட்டி 916 விற்பனைக்கு வந்தது. டிசைன் செய்தவர் மஸ்ஸிமோ டம்புரினி. பிமோட்டா என்ற இத்தாலிய பைக் கம்பெனியின் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பியாங்கி, மோரி, டம்புரினி ஆகிய மூன்று பேரின் பெயர்களில் முதல் இரண்டு எழுத்துகளைச் சேர்த்து உருவானது அந்தப் பெயர். அதில் 'டா' இவர்தான்.

916-ஐ இன்றைக்கு கூகுளில் தேடிப் பாருங்கள். 30 வயது தாண்டிய பைக் என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டீர்கள். முன்னால் சிறுத்தையின் கண்கள்போல இரண்டு மெல்லிய ஹெட்லைட்டுகள். சீட்டுக்கு அடியில் இருந்து எட்டிப் பார்க்கும் இரட்டை சைலன்ஸர்கள். அதனால் பக்கவாட்டில் எதுவும் மறைக்காமல், ஒற்றைக் கையில் முழுசாகத் தெரியும் பின் வீல். ஃபேரிங்கைக் கழற்றினால் உள்ளே குழாய்களைக் கோத்துக் கட்டிய ட்ரெல்லிஸ் ஃப்ரேம். ஐடிலிங்கில் அதன் டிரை கிளட்ச் போடும் சத்தம் இருக்கிறதே, தகர டப்பாவில் சில்லறை போட்டுக் குலுக்கின மாதிரி இருக்கும். வேறு எந்த பைக்கில் இப்படிச் சத்தம் வந்தாலும் மெக்கானிக்கிடம் ஓடுவோம். டுகாட்டிக்காரர்கள் அதைச் சங்கீதம் என்பார்கள்.

பவர்? சுமார் 110 ஹெச்பி. இன்றைய கணக்கில் பாதி. ஆனால், கார்ல் ஃபோகார்ட்டி என்ற பிரிட்டிஷ் ரேஸர் 1994, 1995 என்று அடுத்தடுத்து வேர்ல்டு சூப்பர் பைக் சாம்பியன் ஆனார். பிறகு 1998, 1999-லும் அதே குடும்பத்து பைக்கில் ஜெயித்தார். அழகாகவும் இருந்து, ஜெயிக்கவும் செய்தால் ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? ஒற்றைக் கை ஸ்விங்ஆர்ம் டுகாட்டியின் குலச்சின்னமாகவே ஆகிப்போனது.

இத்தனைக்கும் அந்த ஐடியா டுகாட்டியின் சொந்தச் சரக்கு இல்லை. நீண்ட தூர எண்டியூரன்ஸ் ரேஸ்களில் டயரைச் சட்டென்று மாற்றுவதற்காகப் பிறந்த விஷயம் அது. 1980-களிலேயே ஹோண்டா தன் ஆர்சி30 பைக்கில் போட்டுவிட்டது. வேலைக்காக வந்த ஒரு பாகம், இத்தாலிக்குப் போனதும் நகையாகிவிட்டது. ஐரோப்பிய பைக்குகளில் இது அடிக்கடி நடக்கும்.

அப்புறம் 2002-ல் ஒரு விபரீதம். 916 குடும்பத்தின் வாரிசாக 999 வந்தது. டிசைனர் பியர் டெர்பிளான்ஷ். ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய ஹெட்லைட், இரட்டைக் கை ஸ்விங்ஆர்ம். ரசிகர்கள் கொதித்துவிட்டார்கள். ஆனால் டிராக்கில் நடந்தது வேறு. 2003, 2004, 2006 என்று மூன்று வருஷம் வேர்ல்டு சூப்பர் பைக் பட்டத்தை அந்த 'அசிங்கமான' பைக் அள்ளியது. பட்டமெல்லாம் ஷோரூமில் எடுபடவில்லை. 2007-ல் 1098 வந்தபோது ஒற்றைக் கை ஸ்விங்ஆர்ம் திரும்பி வந்தது. ஸ்டாப் வாட்ச் ஒன்று சொன்னது, ரசிகர் மனசு இன்னொன்று சொன்னது, கம்பெனி மனசின் பக்கம் சாய்ந்தது.

(என்னைக் கேட்டால் 999 அவ்வளவு மோசமில்லை. வருஷம் போகப் போக அழகாகிக்கொண்டே வருகிறது. ஆபீஸில் இதைச் சொல்லி நிறைய வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.)

அப்புறம் எதுக்கு 2024-ல் மறுபடியும் இரட்டைக் கை?

இங்கேதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது. சாதாரணமாக நாம் என்ன நினைப்போம்? ஃப்ரேம் எவ்வளவு இறுக்கமாக, வளையாமல் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. நேராகப் போகும்போது அது சரிதான். திருப்பத்தில் கதையே வேறு.

மோட்டோ ஜிபி ரேஸர்கள் முழங்கை தரையில் உரசச் சாய்வதைப் பார்த்திருப்பீர்கள். அப்போது பைக் 60 டிகிரிக்கு மேல் சாய்ந்திருக்கும். ஃபோர்க்கும் மோனோஷாக்கும் பைக்கோடு சேர்ந்து கிட்டத்தட்ட படுத்துவிடும். ஆனால், ரோட்டில் உள்ள மேடு பள்ளம் என்னவோ கீழே இருந்து மேலேதான் இடிக்கும். சஸ்பென்ஷன் ஒரு திசையில் நீட்டிக்கொண்டிருக்க, அடி வேறு திசையில் இருந்து வருகிறது. அந்த நேரத்தில் சஸ்பென்ஷனால் பெரிதாக உதவ முடியாது. அந்த அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள வேண்டியது டயரின் பக்கச் சுவரும், ஃப்ரேமும், ஸ்விங்ஆர்மும்தான். அவை பக்கவாட்டில் லேசாக, அளவாக வளைந்து கொடுக்க வேண்டும். வளையவே வளையாது என்று விறைத்துக்கொண்டு நின்றால் டயர் தரையை விட்டுத் துள்ளும், ரைடர் புல்லில் உருள்வார். புயலில் தென்னை ஆடுவது அது பிழைப்பதற்காகத்தானே? அதே கணக்கு.

இப்போது ஒற்றைக் கையை யோசியுங்கள். இரண்டு பேர் தூக்கும் பாரத்தை ஒருவர் மட்டும் தூக்குகிறார். முறுக்கிக்கொள்ளாமல் இருக்க அந்தக் கை தடியாக, கனமாக, விறைப்பாக இருந்தே ஆக வேண்டும். இன்றைய டயர்கள் தரும் க்ரிப்புக்கு அந்த விறைப்பு தடையாக மாறிவிட்டது. அதனால் இரண்டு பக்கமும், நடுவில் பெரிய ஓட்டை விட்ட மெல்லிய கைகள். பக்கவாட்டு விறைப்பு 37 சதவிகிதம் குறைவு, எடையும் 2.7 கிலோ குறைவு என்று டுகாட்டி கணக்குச் சொல்கிறது. 20 வருஷத்துக்கு முன்பு மனசின் பக்கம் சாய்ந்த கம்பெனி, இந்த முறை ஸ்டாப் வாட்ச் பக்கம் சாய்ந்துவிட்டது.

ஸ்பிரிங்கை நம்பாத எஞ்சின்

டுகாட்டி 1926-ல் போலோன்யா நகரத்தில் ரேடியோ பாகங்கள் செய்யும் கம்பெனியாகத்தான் ஆரம்பித்தது. தொழிற்சாலை இருக்கும் பகுதியின் பெயர் போர்கோ பனிகாலே. பைக்கின் பெயர் எங்கே இருந்து வந்தது என்று இப்போது புரிகிறதா?

டுகாட்டி என்றதும் காதில் விழும் இன்னொரு வார்த்தை, 'டெஸ்மோ'. நிறைய பேர் ஸ்டேட்டஸில் போடுவார்கள், என்னவென்று கேட்டால் முழிப்பார்கள். சிம்பிள். எஞ்சினுக்குள் காற்றையும் பெட்ரோலையும் விடவும், புகையை வெளியே அனுப்பவும் வால்வுகள் இருக்கின்றன. வழக்கமான எஞ்சினில் கேம் வந்து வால்வை அமுக்கித் திறக்கும். மூடுவதை ஸ்பிரிங் பார்த்துக்கொள்ளும். எஞ்சின் 14,000 ஆர்பிஎம்-ல் சுற்றினால், ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 116 தடவைக்கு மேல் திறந்து மூட வேண்டும். பழைய காலத்து ஸ்பிரிங்குகளுக்கு அந்த வேகம் தாங்காது. வால்வு மூடுவதற்குள் பிஸ்டன் மேலே வந்து இடித்துவிட்டால், எஞ்சின் அவ்வளவுதான்.

'ஸ்பிரிங்கை நம்பினால்தானே பிரச்னை? மூடுவதற்கும் ஒரு கேம் வைத்துவிட்டால்?' – இதுதான் டெஸ்மோட்ரோமிக். கதவை நாமே திறந்து, தானாகச் சாத்திக்கொள்ளும் என்று விடாமல், நாமே இழுத்துச் சாத்துவது மாதிரி. இந்த யோசனையை டுகாட்டி கண்டுபிடிக்கவில்லை. 1954-ல் மெர்சிடிஸின் ஃபார்முலா ஒன் காரிலேயே இருந்தது. ஆனால், ஃபாபியோ டாலியோனி என்ற டுகாட்டி எஞ்சினீயர்தான் அதை பைக்கில் வேலை செய்ய வைத்தார். 1956-ல் ஸ்வீடன் கிராண்ட் ப்ரீயில் அவருடைய 125 சிசி டெஸ்மோ பைக் முதல் முயற்சியிலேயே ஜெயித்தது. 1968-ல் சாலை பைக்குகளுக்கும் வந்துவிட்டது.

இதிலும் அதே மனசு – ஸ்டாப் வாட்ச் சண்டை உண்டு. இன்றைக்கு ஸ்பிரிங் தொழில்நுட்பம் எங்கேயோ போய்விட்டது. பி.எம்.டபிள்யூ எஸ் 1000 ஆர்ஆர் சாதாரண ஸ்பிரிங்கை வைத்துக்கொண்டே 14,000-ஐ அசால்ட்டாகத் தாண்டுகிறது. டெஸ்மோவில் திறக்கும் பக்கம், மூடும் பக்கம் என இரண்டு கிளியரன்ஸையும் பார்த்துச் சரிசெய்ய வேண்டும் என்பதால் சர்வீஸ் பில் எகிறும். அதனால் டுகாட்டியே 2020-ல் அறிமுகமான மல்டிஸ்ட்ராடா வி4 எஞ்சினில் ஸ்பிரிங்குக்கு மாறிவிட்டது. வால்வு செக் 60,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை போதும். 890 சிசி எஞ்சினோடு வந்த புது பனிகாலே வி2-வும் டெஸ்மோவைக் கைவிட்டுவிட்டது. பெரிய பனிகாலே வி4-ல் இன்னும் உயிரோடு இருக்கிறது.

ரிவர்ஸில் சுற்றும் பம்பரம்

2018-ல்தான் டுகாட்டி தன் சூப்பர் பைக்குக்கு இரண்டு சிலிண்டரை விட்டு நான்கு சிலிண்டர் வி4 எஞ்சினைக் கொடுத்தது. 1,103 சிசி, 214 ஹெச்பி. அதில் ஒரு குட்டி ஆச்சரியம், கிராங்க் ஷாஃப்ட் ரிவர்ஸில் சுற்றும்.

சின்ன வயசில் பம்பரம் விட்டிருப்பீர்கள்தானே? வேகமாகச் சுற்றும் பம்பரத்தைத் தட்டினாலும் சட்டென்று சாயாது. சுற்றும் எதற்கும் அந்தப் பிடிவாதம் உண்டு. பைக்கில் இரண்டு சக்கரங்களும் பெரிய பம்பரங்கள். அதனால் வேகம் ஏற ஏற பைக்கைச் சாய்ப்பது கஷ்டமாகிக்கொண்டே போகும். எஞ்சினுக்குள் இருக்கும் கிராங்க்கும் அதே திசையில் சுற்றினால் பிடிவாதம் இன்னும் கூடும். எதிர்த்திசையில் சுற்ற விட்டால் சக்கரத்தின் பிடிவாதத்தில் கொஞ்சம் கழிந்துவிடும். பைக் சுலபமாகச் சாயும். கூடவே ஒரு போனஸ், த்ராட்டிலை முறுக்கும்போது முன் சக்கரம் தூக்குவதும் சற்றுக் குறையும். இதற்கு விலையாக நடுவில் ஒரு கியர் கூடுதலாக வைக்க வேண்டும், அதில் கொஞ்சம் பவர் போகும். மோட்டோ ஜிபியில் இது சர்வ சாதாரணம். சாலை பைக்குகளில் எம்வி அகுஸ்டா எஃப்3 இதை 2012 வாக்கிலேயே செய்துவிட்டது.

எம்வி அகுஸ்டா என்றதும் மறுபடியும் டம்புரினிதான் ஞாபகம் வருகிறார். 916 மாதிரி ஒரு பைக் செய்தவர் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். 1997-ல் எம்வி அகுஸ்டா எஃப்4-ஐக் கொண்டுவந்தார். சீட்டுக்கு அடியில் புல்லாங்குழல் அடுக்கி வைத்த மாதிரி நான்கு சைலன்ஸர் குழாய்கள். இரண்டில் எது அழகு என்று கேட்டு ஒரு பைக் குரூப்பில் போட்டுவிட்டு மொபைலை சைலன்ட்டில் போடுங்கள், சாயங்காலம் வரை சண்டை ஓடும்.

முனிச் வேறு, நோவாலே வேறு

இத்தாலிக்காரர்கள் கவிதை எழுதினால் ஜெர்மனிக்காரர்கள் கணக்குப் போடுவார்கள் என்று ஒரு க்ளிஷே உண்டு. 2009-ல் பி.எம்.டபிள்யூ அறிமுகம் செய்த எஸ் 1000 ஆர்ஆர் அதற்கு நல்ல உதாரணம். ஜப்பான்காரர்களின் அதே இன்லைன் நான்கு சிலிண்டர் ஃபார்முலா. ஆனால் 193 ஹெச்பி, ஏபிஎஸ், டிராக் ஷன் கன்ட்ரோல் என்று வந்து இறங்கியபோது ஜப்பான் கம்பெனிகளே ஆடிப்போயின. ஒரு கண் பெரிசு, ஒரு கண் சின்னது என்று ஹெட்லைட் வேறு கோணலாக இருக்கும். 2019 மாடலில் அதைச் சரிசெய்து சமமாக்கிவிட்டார்கள். (எனக்கு அந்தக் கோணல் முகம்தான் பிடிக்கும்.) அதே மாடலில் வந்த ஷிஃப்ட்கேம், சுமார் 9,000 ஆர்பிஎம்-ல் இன்டேக் கேமை மில்லி செகண்டுகளில் பக்கவாட்டில் நகர்த்தி வேறு வடிவத்துக்கு மாற்றும். கீழே சாதுவாகவும் மேலே பேயாகவும் ஒரே எஞ்சின் நடந்துகொள்ளும். ஆனாலும் வேர்ல்டு சூப்பர் பைக் பட்டத்துக்கு பி.எம்.டபிள்யூ 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஜெயித்துக் கொடுத்தவர் துருக்கியைச் சேர்ந்த டோப்ராக் ரஸ்காட்லியோலு.

இத்தாலியின் நோவாலேயில் இருக்கும் ஏப்ரிலியாவுக்கு அவ்வளவு பொறுமை தேவைப்படவில்லை. 2009-ல் ஆர்எஸ்வி4 வந்தது, 2010-லேயே மேக்ஸ் பியாஜி சாம்பியன். 65 டிகிரி வி4 என்பதால் பைக்கே கைக்கு அடக்கமாக, 250 சிசி மாதிரி தெரியும். விலை உயர்ந்த வகைகளில் ஃப்ரேமுக்குள் எஞ்சின் உட்காரும் உயரத்தையே மாற்றிக்கொள்ளலாம்! எத்தனை ஓனர்கள் அதை மாற்றியிருப்பார்கள் என்பது வேறு கதை.

இறக்கை எதுக்கு?

இப்போதைய சூப்பர் பைக் எல்லாவற்றிலும் ஃபேரிங்கின் இரு பக்கமும் குட்டி இறக்கைகள். விமான இறக்கை மேலே தூக்கும், இது தலைகீழாகக் கீழே அமுக்கும். 2015 வாக்கில் டுகாட்டியின் மோட்டோ ஜிபி பைக்கில் முளைத்தபோது எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும் ஒட்டிக்கொண்டார்கள். 2020 பனிகாலே வி4-ன் இறக்கைகள் 270 கிலோமீட்டர் வேகத்தில் 30 கிலோ அழுத்தம் தரும் என்றது டுகாட்டி. முன் சக்கரம் தூக்காது, பிரேக் பிடிக்கும்போது ஆடாது.

சரி, நீங்கள் ஓஎம்ஆரில் 60-ல் போகும்போது? காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் மாறும். கணக்குப் போட்டால் ஒன்றரை கிலோகூட வராது. மளிகைக் கடையில் ஒரு பாக்கெட் சர்க்கரை, கொஞ்சம் பருப்பு வாங்கி முன்னால் மாட்டினால் அதே எஃபெக்ட்! சின்ன பைக்குகளில் பிளாஸ்டிக் இறக்கை ஒட்டி விற்பதைப் பார்க்கும்போது இந்தக் கணக்கு ஞாபகம் இருக்கட்டும்.

உங்களைவிட வேகமாக யோசிக்கும் பெட்டி

இவ்வளவு பவரை ரோட்டில் விட கம்பெனிகளுக்குத் தைரியம் வந்ததற்குக் காரணம், சீட்டுக்குக் கீழேயோ டேங்க்குக்குக் கீழேயோ ஒளிந்திருக்கும் ஒரு சின்னப் பெட்டி. ஐஎம்யூ. உங்கள் மொபைலைத் திருப்பினால் ஸ்கிரீன் திரும்புகிறதே, அதே மாதிரி சென்ஸார்தான், ரொம்பவே துல்லியமாக. பைக் எவ்வளவு சாய்ந்திருக்கிறது, முன் சக்கரம் தூக்குகிறதா, பின் சக்கரம் வழுக்குகிறதா என்று நொடிக்குப் பல தடவை அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்லும். 2015-ல் வந்த டுகாட்டி 1299 பனிகாலேவில் இது இருந்தது. பழைய ஏபிஎஸ், பைக் நேராகப் போகிறதா சாய்ந்திருக்கிறதா என்று தெரியாமலேயே வேலை செய்யும். கார்னரிங் ஏபிஎஸ் அதைத் தெரிந்துகொண்டு, சாய்வுக்கு ஏற்ற அளவுக்கு மட்டும் பிரேக்கை விடும்.

இது செய்யாத ஒன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். டயருக்கும் ரோட்டுக்கும் இடையே இருக்கும் ஒட்டுதலை எந்தக் கம்ப்யூட்டராலும் கூட்ட முடியாது. இருக்கும் ஒட்டுதலை வீணாக்காமல் செலவழிக்க மட்டுமே முடியும். திருப்பத்தில் மணல் கொட்டிக் கிடந்தால், டீசல் சிந்தியிருந்தால், 36 லட்சம் ரூபாய் பைக்கும் 1 லட்சம் ரூபாய் பைக்கும் ஒன்றுதான். ரோட்டைக் குறுக்கே கடக்கும் மாட்டை ஐஎம்யூவுக்குத் தெரியாது.

18 வயசும் 216 ஹெச்பி-யும்

கொஞ்சம் சீரியஸாகப் பேசுவோம். ஒரு மாருதி ஸ்விஃப்ட், 900 கிலோவுக்கு மேல் எடை, 80 சொச்சம் ஹெச்பி. பனிகாலே வி4, 200 கிலோவுக்கும் குறைவான எடை, 216 ஹெச்பி. எடைக்கு எடை பார்த்தால் கிட்டத்தட்ட 12 மடங்கு. முதல் கியரிலேயே 120-ஐத் தாண்டும் பைக் இது. நம் ஊர் நான்கு வழிச் சாலையில் டூவீலருக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச வேகம் 80. அதாவது, இரண்டாவது கியர் போடுவதற்கு முன்பே நீங்கள் சட்டத்தை மீறியிருப்பீர்கள். 120 என்றால் நொடிக்கு 33 மீட்டர். முன்னால் போகும் லாரி பிரேக் போட்டதைக் கண் பார்த்து, மூளைக்குப் போய், கை லீவரைத் தொடுவதற்குள் ஒரு கபடி மைதானத்தின் இரண்டு மடங்கு நீளத்தைக் கடந்திருப்பீர்கள்.

இந்த பைக்குகள் பிறக்கும் ஐரோப்பாவில் என்ன செய்கிறார்கள்? லைசென்ஸிலேயே படிக்கட்டு வைத்திருக்கிறார்கள். முதலில் ஏ1, 125 சிசி வரை மட்டும். அடுத்து ஏ2, அதிகபட்சம் 35 கிலோவாட், அதாவது சுமார் 47 ஹெச்பி. ஏ2-வில் இரண்டு வருஷம் ஓட்டிய பிறகுதான் எல்லையில்லாத 'ஏ' லைசென்ஸ். நேரடியாக 'ஏ' வேண்டும் என்றால் பொதுவாக 24 வயசு ஆக வேண்டும். நம் ஊரில்? 18 வயசு, கியர் பைக்குக்கான லைசென்ஸ், அதோடு பணம். எட்டுப் போட்டுக் காட்டிய 100 சிசி பைக்கை விட்டு இறங்கி, மறுநாளே 216 ஹெச்பி மேல் ஏறலாம். தடுக்க எந்தச் சட்டமும் இல்லை. இது சுதந்திரம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோணவில்லை. பைக்கைத் தயாரிக்கும் ஊர்க்காரனே பயந்து படிக்கட்டு கட்டியிருக்கும்போது, நாம் மொட்டை மாடியில் இருந்து ஆரம்பிக்கிறோம்.

அந்த 47 ஹெச்பி-க்கும் உங்களுக்கும் ஒரு நேரடித் தொடர்பு உண்டு. ஏப்ரிலியா ஆர்எஸ்457 பார்த்திருப்பீர்கள். 457 சிசி, இரண்டு சிலிண்டர், அலுமினிய ஃப்ரேம், பெட்ரோலோடு 175 கிலோ. அதன் பவர் சரியாக 47 சொச்சத்தில் நிற்பதற்குக் காரணம் அந்த ஏ2 லைசென்ஸ் எல்லைதான். டிசைன் இத்தாலி, தயாரிப்பு மகாராஷ்டிராவின் பாராமதி. 2023 டிசம்பரில் 4.10 லட்சம் ரூபாய் எக்ஸ் ஷோரூம் விலையில் அறிமுகமானது. அந்த பனிகாலே வி4, 2025-ல் இங்கே வந்தபோது ஆரம்ப விலை 29.99 லட்சம். ஏழில் ஒரு பங்கு விலையில், த்ராட்டிலை முழுசாகத் திருகிப் பார்க்கிற மாதிரி ஒரு பைக். 216 ஹெச்பி-யில் பத்தில் ஒரு பங்கைத் தொட்டுவிட்டு வீட்டுக்கு வருவதைவிட, 47-ஐயும் பயன்படுத்தக் கற்றுக்கொள்வதில்தான் கிக் அதிகம் என்பது என் கட்சி.

ஓசூரை விட்டுவிட்டு இந்தக் கட்டுரையை எழுத முடியாது. பி.எம்.டபிள்யூவும் டிவிஎஸ்ஸும் 2013-ல் கைகோத்தன. அதில் பிறந்த ஜி 310 ஆர், ஓசூர் தொழிற்சாலையில் இருந்து ஐரோப்பாவுக்கே போனது. அதே எஞ்சின்தான் அப்பாச்சி ஆர்ஆர் 310-லும், 2022-ல் வந்த பி.எம்.டபிள்யூ ஜி 310 ஆர்ஆரிலும். 312 சிசி, 34 ஹெச்பி. அடுத்த தடவை பக்கத்தில் நின்றால் குனிந்து பாருங்கள். சிலிண்டர் பின்பக்கம் சாய்ந்திருக்கும். காற்று முன்னால் இருந்து உள்ளே போய், புகை பின்னால் வெளியேறும். வழக்கத்துக்கு நேர் எதிர். எதற்கு? எஞ்சினின் எடை முன்பக்கம் போகும், பின்னால் மிச்சமாகும் இடத்தில் ஸ்விங்ஆர்மை நீளமாக வைக்கலாம், பைக்கின் மொத்த நீளம் கூடாது. நீளமான ஸ்விங்ஆர்ம் என்றால் பின் சக்கரம் நிதானமாக நடந்துகொள்ளும். சூப்பர் பைக்குக்காக மண்டையைப் பிய்த்துக்கொள்ளும் அதே யோசனை, 34 ஹெச்பி பைக்கில். 2020 ஏப்ரலில் 1898-ல் பிறந்த பிரிட்டனின் நார்ட்டன் கம்பெனியையே 1.6 கோடி பவுண்டுக்கு டிவிஎஸ் வாங்கிவிட்டது. அதன் வி4 சூப்பர் பைக்கும் சேர்த்துத்தான்.

பழசு வாங்குகிற ஐடியா இருந்தால்...

புதுசு வாங்க பட்ஜெட் இல்லை, பழைய டுகாட்டியோ ஏப்ரிலியாவோ பார்க்கிறேன் என்கிறவர்களுக்கு ரெண்டு விஷயம். ஓடோமீட்டரில் குறைவான கிலோமீட்டரைப் பார்த்து மயங்க வேண்டாம், சர்வீஸ் ரெக்கார்டைக் கேளுங்கள். பெரிய பனிகாலே வி4-க்கு 24,000 கிலோமீட்டரில் வால்வு கிளியரன்ஸ் பார்க்கும் டெஸ்மோ சர்வீஸ் உண்டு. 22,000-ல் ஒருவர் அவசரமாக விற்கிறார் என்றால் ஏன் என்று யோசியுங்கள். எடுப்பதற்கு முன்பே சர்வீஸ் சென்டரில் அந்த பில் எவ்வளவு ஆகும் என்று எழுதி வாங்கிவிடுங்கள். சிட்டி டிராஃபிக்கில் பத்து நிமிஷமாவது உட்கார்ந்தும் பாருங்கள். சீட்டுக்குக் கீழே இருக்கும் பின்பக்க சிலிண்டர்களின் சூடு தொடையைப் பதம் பார்க்கும். இதற்காகவே வண்டி நிற்கும்போது பின்பக்க இரண்டு சிலிண்டர்களை நிறுத்திவைக்கும் வசதியை டுகாட்டி கொடுத்திருக்கிறது. அப்படியும் மே மாதத்துச் சென்னைக்கு அது போதாது.

அப்புறம் டயர். பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று அச்சாகியிருக்கும். முதல் இரண்டு எண் வாரம், அடுத்த இரண்டு எண் வருஷம். 2319 என்று இருந்தால், 2019-ம் வருஷத்தின் 23-வது வாரத்தில் தயாரான டயர். ட்ரெட் புதுசு மாதிரியே இருக்கும், ரப்பர் கல்லாகியிருக்கும். அந்த டயரோடு பைக்கைக் கொடுத்தால், புது செட் டயரின் விலையைக் கழித்துக்கொண்டு பேரத்தை ஆரம்பியுங்கள். மாற்றும் வரை திருப்பங்களில் சாய்க்காதீர்கள்.